வெங்காயக் காய்ச்சல்

போன மாதம் எங்கள் கம்பெனியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். சிவகாசியில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற பிரிண்டிங் கம்பெனி அது. நான் அங்கே டிசைன் பிரிவில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர் மனக்கஷ்டத்தோடு வந்து பேசினால் எப்படிக் காது கொடுப்பது என்பதுதான் வகுப்பு. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். எதிராளியின் உயரத்துக்கே உட்கார வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. கேட்காமல் புத்தி சொல்லக் கூடாது. அவர் சொன்னதையே நம் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும். பேச்சு நின்றுபோனால் அந்த இடைவெளியை அடைக்க அவசரப்படக் கூடாது. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவைத் திறக்கவே இல்லை. அடுத்து என்ன வரும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்தது.

ஏனென்றால், இதே பட்டியலைப் பத்து வயதில் ஒரு நாற்பது பக்க நோட்டில் நான் எழுதி வைத்திருந்தேன். தலைப்பு மட்டும் வேறு. 'விருதுநகர்க்காரம்மா மேல் உள்ள சந்தேகங்கள்' என்று போட்டு, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் இழுத்திருந்தேன்.

அப்போது நாங்கள் தாயில்பட்டிப் பக்கம் இருந்தோம். சித்தி பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், அந்த விருதுநகர்க்காரம்மா முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கை. பட்டாசுக் கம்பெனி விபத்தில் இரண்டு கைகளும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவள் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனாலும் பேசவில்லை. சோறு வேணுமா என்றால் தலையை ஆட்டுவாள், வலிக்குதா என்றால் அதற்கும் அதே மாதிரி ஆட்டுவாள்.

விபத்து நடந்த வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆபீசர்கள் வந்தால் கேள்வி கேட்பார்கள். கம்பெனி ஆட்கள் வந்தால் பதிலையும் அவர்களே சொல்லி, ஒரு பேப்பரை நீட்டுவார்கள். கேமராக்காரர்கள் வந்தால் இன்னொரு தடவை அழச் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கி வந்து, இதைவிட மோசமான வேறொரு விபத்தை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். இந்த அம்மா எதிலும் சேர்த்தி இல்லை. கனத்த உடம்பு, ஐம்பது வயதிருக்கும், தலையில் முக்காடு. இரண்டு பஸ் மாறி வெறுங்கையோடு வந்தார். வாசலிலேயே செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

விருதுநகரில் அவர் வீட்டுக்காரருக்குப் பருப்பு மண்டி என்றும், தீக்காயப்பட்டவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து பேச்சுக்குக் காது கொடுக்க ஆஸ்பத்திரியில் சில பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதாகவும், அவர்களில் தான் ஒருத்தி என்றும் சொன்னார். இதை யாராவது நம்புவார்களா? பருப்பு மண்டி வைத்திருக்கிற வீட்டுப் பொம்பளை, சம்பளம் கிம்பளம் இல்லாமல், முன்னே பின்னே தெரியாத வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம்!

பக்கத்து வீட்டிலிருந்த மாமா, அம்மாவின் அண்ணன், அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஒண்ணுமே கேக்காம ஒரு பொம்பள ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போறான்னா, அவ கண்ணு வேற எதையோ தேடுதுன்னு அர்த்தம். இது சூலக்கரை ஆளுதான். எழுதி வெச்சுக்கோங்க." சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. சட்டத்துக்குத் தெரியாமல் வீட்டில் வைத்துப் பட்டாசுத் திரி உருட்டுகிறவர்களில் மாமாவும் ஒருவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் கொட்டகைக்குப் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் ஈரத்துணி காய்ந்தது.

அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, சந்தேகம் வேறு திசையில். சித்திக்குக் காரியாபட்டியில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆளும் எட்டிப் பார்க்கவில்லை. "பொண்ணு மூஞ்சி எம்புட்டு வெந்துருக்குன்னு வேவு பாக்க அவுக அனுப்பின ஆளு இது. எனக்குத் தெரியாதாக்கும்" என்று அத்தை அடித்துச் சொன்னாள். அப்பாவோ, இது கம்பெனி அனுப்பிய ஆள், பேச்சுக் கொடுத்துப் பேச்சு வாங்கி நம்மையே குற்றவாளி ஆக்கிவிடும் என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். புதன்கிழமை என்றால் அவருடைய லோடு வண்டி அந்தி சாயும்வரை வீடு திரும்பாது. அப்பாவுக்கு ஏன் அவ்வளவு பயம் என்று நான் யோசித்ததில்லை. எனக்கு என் பயமே பெரிதாக இருந்தது.

என் பயத்துக்குக் காரணம் ஒரு வெங்காயம்.

வெங்காயத்தை நறுக்கி அக்குளில் வைத்துக்கொண்டு படுத்தால் உடம்பு சுடும் என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஆவணி மாதம், கணக்குப் பரீட்சை. எனக்கு வகுத்தல் சுத்தமாக வராது. காலையிலேயே ஒரு பெரிய வெங்காயத்தை இரண்டாக வெட்டி, அக்குளுக்கு ஒன்றாக வைத்துப் போர்த்திக்கொண்டேன். வெங்காயம் சுட்டதோ, போர்வை சுட்டதோ, என் பயம் சுட்டதோ, அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆத்தீ, நெத்தி கொதிக்குதே" என்றாள்.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தாள். தீபாவளி சீசன். சீசனில் ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே ஒரு மாற்றாளை அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்குத் தங்கச்சி, மாமியாருக்கு மருமகள். நோட்டில் பெயர் பழைய பெயராகவே இருக்கும். போர்மேன் தலையை எண்ணுவாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். ஊரில் இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

அன்றைக்குச் சித்தி வந்தாள். அவள் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். அம்மா அடுப்படியில் டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டிருக்க, சித்தி என் பக்கத்தில் குனிந்து நெற்றியைத் தொட்டாள். அந்த நேரம் பார்த்து, போர்வைக்குள்ளிருந்து ஒரு பாதி வெங்காயம் உருண்டு பாயில் விழுந்தது. அவள் வெங்காயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. சித்தி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு கண்ணைச் சிமிட்டினாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "பிள்ளைக்கு நல்ல காய்ச்சல்க்கா. நீ இரு, நான் போறேன்" என்றாள். கேரியரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்குச் சத்தம் கேட்டது. அடுக்கி வைத்த தட்டுகள் அதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் தெருவே ஓலமிட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள். கம்பெனி வாசலில் நோட்டைப் பார்த்துப் படித்த பெயர் அம்மாவுடையது. மாரில் அடித்துக்கொண்டு முதலில் வந்த அத்தை, கையில் ஈரத்துணியோடு நிற்கிற அம்மாவைப் பார்த்து, பாதி ஒப்பாரியில் நின்றுவிட்டாள். "ஏ ஆத்தீ, நீ இங்கனயா இருக்கே! மாரியாத்தா! நல்லவேளை, நல்லவேளை!" என்று கட்டிக்கொண்டாள். யாரோ சூடம் கொண்டுவந்து அம்மாவைச் சுற்றிக்கூடப் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதே சொல்லைச் சொன்னார்கள். யார் போயிருக்கிறாள் என்று அம்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நான் பாயில் கிடந்தேன். மிச்சமிருந்த பாதி வெங்காயம் இன்னும் என் அக்குளிலேயே இருந்தது.

அந்த அறையில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் திரும்பவில்லை. சித்தி திரும்பினாள்.

எனக்கு வகுத்தல் வராதே தவிர, இந்தக் கணக்கு நன்றாக வந்தது. காய்ச்சல் பொய் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் சித்தி. சித்தி பேசினால் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தால் நான் அந்த வீட்டில் இருக்க முடியாது. சித்தி பேசாதவரை எனக்கு ஒன்றுமில்லை. அவள் வாய் திறக்க வேண்டும் என்று அத்தை இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி நேர்ந்துகொண்டாள். நான் அதே அம்மனிடம், இப்போதைக்கு அவசரமில்லை என்று வேண்டிக்கொண்டேன். ஒரே சாமியிடம் ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு.

இந்த நிலைமையில், சித்தியைப் பேச வைப்பதற்கென்றே ஒரு பொம்பளை பஸ் ஏறி வந்தால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? நோட்டை எடுத்தேன்.

முதல் சந்தேகம், நாற்காலி. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். சித்தி கீழே பாயில் சுவரில் சாய்ந்திருந்தாள். முட்டிவலிக்காரியான அந்த அம்மா நாற்காலியை ஒதுக்கிவிட்டு, "யா அல்லா" என்று முனகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முட்டி வலிக்கிறவர் நாற்காலியை வேண்டாம் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்? அந்த அறையில் கிடந்த பழைய கட்டிலுக்கு அடியில் பார்க்கத்தான் என்று எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கே சித்தியிடம் அவர் ஒன்று சொன்னார். "நீங்க பேசுனாலும் சரிதான், பேசாட்டியும் சரிதான். பேசுனா, அது என்னோட இருக்கும். உங்க உசுருக்கோ வேற யாரு உசுருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் ஒரு ஆளுட்ட சொல்லித்தான் ஆகணும். அதை மறைக்காம இப்பவே சொல்லிப்புடுறேன்." கதவிடுக்கில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லிவிடுவாராம். சித்தியின் உயிருக்கு ஆபத்து வந்ததே அந்த வெங்காயத்தால்தானே! சொல்லத்தான் போகிறார். இதற்குச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன்.

அடுத்த புதன்கிழமை அம்மா அவரிடம் மாட்டினாள். தண்ணீர்ச் செம்பை நீட்டப் போனவள், சமையலறை நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் இடத்துக்கு அவளை அனுப்பிட்டேனேம்மா" என்றாள். எங்கள் வீட்டில் இதற்கு ஏற்கெனவே பதில்கள் உண்டு. விதி என்பார் மாமா. உன் புள்ளைக்கு நீ இருக்கணும்னு ஆத்தா நினைச்சா என்பாள் அத்தை. அந்த அம்மா இரண்டையும் சொல்லவில்லை. "உங்க இடத்துக்கு அவுகளை அனுப்பிட்டோம்னு இருக்கு உங்களுக்கு" என்றார். நம்மிடம் வாங்கியதை நமக்கே திருப்பிக் கொடுக்கிற இந்தத் தந்திரத்தை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். மனப்பாடம் செய்கிறார்! நானும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றுவேன். பஸ்ஸில் ஏறியதும் எல்லாவற்றையும் எங்கேயோ ஒப்பித்துவிடுவார்.

அம்மா விக்கி விக்கி அழுதாள். அந்த அம்மா அவள் தோளில் கை வைக்கப் போய், வைக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டுத்தான் வைத்தார். "எல்லாம் சரியாயிரும் தங்கச்சி" என்று வாயெடுத்தவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பாச் சொல்லிட்டேன். சரியாகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியாது. நான் இங்கனதான் இருக்கேன், அம்புட்டுத்தான் சொல்ல முடியும்." பெரியவர்கள் யாராவது தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு அதுவரை நான் பார்த்ததில்லை. சந்தேகம் இன்னும் வலுத்தது.

எல்லாவற்றையும்விட மோசம் அந்தப் பேசாத புதன்கிழமைகள். சித்தி சுவரைப் பார்ப்பாள். இவர் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அதே சுவரைப் பார்ப்பார். மின்விசிறி சத்தம் தவிர ஒன்றும் இருக்காது. ஆபீசர் பேசாமல் இருந்தால் அடுத்து கத்தப் போகிறார் என்று அர்த்தம். டீச்சர் பேசாமல் இருந்தால் குச்சி தேடுகிறார் என்று அர்த்தம். இவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் சித்தியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை விட்டு அவர் பக்கம் சாய்ந்து வருவதை நான் பார்த்தேன்.

சதியில் இறங்கினேன். பேச்சு வரும்போல் இருந்தால் பக்கத்து அறையில் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்திப் படிப்பேன். தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிடுவேன். "சித்தி, சீப்பு எங்கன இருக்கு?" என்று நடுவில் போய் நிற்பேன். ஒரு தடவை அவர் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "பாப்பா, உனக்கும் எதுவும் சொல்லணும்னு இருந்தா சொல்லு. இல்லேன்னாலும் ஒண்ணுமில்லே" என்றார். நான் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லாம் தெரிந்துவிட்டது, என் வாயிலிருந்தே வரவழைக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது.

தை பிறந்து முதல் புதன்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். அவர் பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில் மெல்ல இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு முக்காட்டைச் சரி செய்தார். நான் முன்னால் போய், ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். "சித்தி உங்களை இனிமே வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாக."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார், அல்லது சித்திக்குத்தான் பேச்சே இல்லையே, எப்படிச் சொன்னாள் என்று மடக்குவார் என்று எதிர்பார்த்தேன். அதைச் சொன்ன பிறகுதான் அந்த ஓட்டை எனக்கே தெரிந்தது. அவர் மடக்கவில்லை. "அப்படியா" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா நான் கட்டாயம் கேட்டுக்கிடணும். வேண்டாம்னு தலையாட்டுனா, வாசலோட திரும்பிருவேன். சரியா?" என்றார். இரண்டு பேரும் நடந்தோம். வழியில் அவர் என் புத்தகப் பை கனமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

பின்னறை வாசலில் அவர் நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னிக்கு நான் உள்ள வரலாமா, வேண்டாமா? வேண்டாம்னா எனக்கு வருத்தமில்லே. அப்படியே போயிருவேன்." நான் சொன்ன பொய்யை அவர் சொல்லவே இல்லை.

அந்த அறைக்குள் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போவோம். நர்ஸ் போவார், மாமா போவார், அத்தை பூ கட்டப் போவாள், நான் சீப்புத் தேடப் போவேன். வரலாமா என்று அவளிடம் யாருமே கேட்டதில்லை. சித்தி தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"வாங்க."

அடுப்படியில் அம்மா கையிலிருந்து கரண்டி விழுந்தது. அம்மா ஓடி வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் செய்த சதி, எனக்கே இப்படி வந்து விடிந்தது! கதவு சாத்தப்பட்டதும் நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு ஓடினேன். துவைக்கிற கல்லின் மேல் ஏறி, ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டேன். இன்றைக்கு என் கதை முடிந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சித்தி பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"வண்டியிலே ஏத்துறப்போ கண்ணு தொறக்க முடியலே. காது மட்டும் கேட்டுச்சு."

"காது கேட்டுச்சு" என்றார் அந்த அம்மா.

"எல்லாரும் அழுதாக. எங்கக்கா பேரைச் சொல்லி அழுதாக. அது எனக்குத்தான்னு நான் நெனச்சுக்கிட்டேன். நமக்காக இம்புட்டுப் பேரு அழுறாகளேன்னு இருந்துச்சு. அப்புறம் யாரோ சொன்னாக, இது அவ இல்லேப்பா, தங்கச்சிக்காரின்னு." சித்தி நிறுத்தினாள். "அத்தான் ஓடியாந்து எம்மூஞ்சியைக் குனிஞ்சு பாத்தாக. அவுக மூச்சு எம்மேல பட்டுச்சு. 'அப்பாடா, நல்லவேளை'ன்னாக."

அத்தான் என்றால் என் அப்பா.

வேறு யாராக இருந்தாலும் அப்போது ஏதாவது சொல்லியிருப்பார்கள். பதட்டத்தில் சொன்னது, மனசில் வைத்துச் சொல்லவில்லை, நீ ஒண்ணும் நெனைக்காதே. அந்த அம்மா சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அன்னியிலேருந்து அந்தச் சொல்லோடயே படுத்திருக்கீக" என்றார்.

சித்தி அழுதாள். கட்டுப் பிரிக்கிறபோதுகூட அழாதவள், பெரிதாக வாய்விட்டு அழுதாள். அழாதீங்க என்று அவர் சொல்லவில்லை. நான் துவைக்கிற கல்லில் காலை மாற்றி மாற்றிக் குந்திக்கொண்டு, இதெல்லாம் எப்போது முடியும், வெங்காயம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் அழுகை என் காதில் விழுந்தது, ஆனால் எனக்குள்ளே இறங்கவில்லை. என் வழக்கு இன்னும் வரவில்லையே என்றுதான் இருந்தது.

அழுகை ஓய்ந்தது. "அன்னிக்குக் காலையிலே அக்காதான் போயிருக்கணும்" என்றாள் சித்தி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "பிள்ளைக்குக் காய்ச்சல்னு..." என்று இழுத்து நிறுத்தினாள்.

என்ன காய்ச்சல், எப்படி வந்தது, யார் பார்த்தார்கள்? ஆபீசர் கேட்டிருப்பார், மாமா கேட்டிருப்பார், நானே கேட்டிருப்பேன். அந்த அம்மா கேட்கவில்லை. அந்த இடைவெளி போய்க்கொண்டே இருந்தது. மாமா வீட்டுக் கோழி ஒன்று சந்தில் வந்து என்னைப் பார்த்துக் கேறியது. அதை விரட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. கோழிச் சத்தத்துக்கு உள்ளே யாரோ அசைந்த மாதிரி இருந்தது.

"பிள்ளைக்கு நல்ல காய்ச்சல்" என்றாள் சித்தி. இந்தத் தடவை குரல் தெளிவாக, ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்ன மாதிரி வந்தது. "நானே தொட்டுப் பாத்தேன். நெத்தி கொதிச்சுச்சு. நானாத்தான் போறேன்னு போனேன். பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்லே."

அப்படியே என் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. காற்று இப்படி இனிக்குமா என்று இருந்தது. நான் கல்லிலிருந்து குதித்தேன். "அப்பாடா, நல்லவேளை!" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். கோழி பயந்து ஓடியது.

உள்ளே பேச்சு நின்றுபோனது. நான் அதைக் கவனிக்கவில்லை. பசித்தது. அடுப்படிக்கு ஓடி, அழுத முகத்தோடு நின்ற அம்மாவிடம் தோசை கேட்டு வாங்கி நாலு தின்றேன். பிறகு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில், 'சித்தி பொய் சொன்னாள். விருதுநகர்க்காரம்மா நம்பிவிட்டார். ஏமாளி' என்று எழுதி, சந்தேகம் தீர்ந்தது என்று கையெழுத்தும் போட்டேன். அந்த அம்மா கிளம்பும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். ஏமாந்தவர் என்பதால் நானும் பெருந்தன்மையாகத் தலையைக் காட்டினேன்.

சித்தி இப்போது சாத்தூரில் இருக்கிறாள். காரியாபட்டி மாப்பிள்ளை வரவில்லை, வேறொருவர் வந்தார். இரண்டு பையன்கள். போனை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு வைக்க மாட்டாள். அப்பாவிடமும் பேசுகிறாள். வெங்காயத்தைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

போன மாத வகுப்பில் அந்தப் பெண், பேசுகிறவருக்கு நம் குரல் எப்படிக் கேட்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கடைசியாக ஒன்று போட்டார். என் பட்டியலில் அது இல்லை. அன்றைக்கு அந்த ஜன்னல் திறந்தேதான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதும், தன்னை வேக வைத்த அதே சொல்லை இரண்டாவது தடவையாக அவள் என் வாயிலிருந்து கேட்டாள் என்பதும், தோசை தின்றுகொண்டிருந்த எனக்கு அப்போது தெரியாது.